கூரை, மணல், சேறு: உலக கிராஸ் கன்ட்ரி பெண்கள் ஓட்டத்தின் மூன்று பாதைகள்

2024 மே மாதம் அமெரிக்காவின் யூஜீனில், கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் ட்ராக்கில் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.14 நொடியில் ஓடினார். 29 நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை முடித்த முதல் பெண் அவர். அதற்குச் சரியாக எட்டு வாரம் முன்னால் செர்பியாவின் பெல்கிரேடில், புல்தரையில், ஏறக்குறைய அதே தூரத்தை ஓடி உலக கிராஸ் கன்ட்ரி (ட்ராக்கை விட்டுப் புல், மண், மேடு பள்ளத்தில் ஓடும் ஓட்டம்) பட்டத்தை வென்றார். ஆன நேரம் 31:05. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட்டில் இதே பட்டத்தை வென்றபோது 33:48. இன்னும் பின்னால் போனால், 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் கென்யாவின் ஹெலன் ஒபிரி தங்கம் வாங்கிய நேரம் 36:14.

ஒபிரி அப்போது 5,000 மீட்டரில் உலக சாம்பியன். அவருக்கு வேகம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆர்ஹுஸின் தரைதான் அத்தனை நிமிடங்களைத் தின்றது. கிராஸ் கன்ட்ரியில் பாதை போடுகிறவர் பாதிப் பந்தயத்தை முடிவு செய்துவிடுகிறார். அதனால் சீனியர் பெண்கள் ஓட்டத்தை வைத்து இந்த மூன்று பாதைகளையும் எடை போட்டுப் பார்க்கலாம். காணொளிப் பதிவைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களுக்கும், பள்ளி, கல்லூரி அளவில் கிராஸ் கன்ட்ரி பாதை போடுகிறவர்களுக்கும் இது உதவும்.

ஆர்ஹுஸ், 2019 மார்ச் 30

மூன்றில் இதுதான் முதலிடம். நகரின் தெற்கே உள்ள மோஸ்கோர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பாதை போட்டிருந்தார்கள். 2014-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் கூரை ஒரு பக்கம் தரையிலிருந்தே புறப்பட்டுச் சாய்வாக மேலே போகும். மேலே முழுக்கப் புல். பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சரிவு அது. சாய்வு சுமார் 10 சதவீதம், அதாவது பத்து மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. உலகப் போட்டிக்கான சுற்று 1,500 முதல் 2,000 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஐந்து சுற்று என்றால் அந்தக் கூரை மேல் ஐந்து முறை ஏற வேண்டும்.

ஏற்றம் ஒரு தடவை வந்தால் யாரும் சமாளித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஏழு நிமிடத்துக்கும் ஒரு தடவை வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. முதல் சுற்றில் ட்ராக் பழக்கத்தில் அதே வேகத்தோடு ஏறுகிறவருக்கு உச்சியில் மூச்சு முட்டும். அந்தக் கடனை இறக்கத்தில் அடைத்துவிட முடியாது, ஏனென்றால் இறக்கம் ஓய்வு தருவதில்லை. ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு கால் தளர்வது பெரும்பாலும் இந்த இறக்கத்தால்தான். ஏற்றத்தில் அடியைச் சுருக்கி, கை வீச்சைக் கூட்டி, வேகம் குறைந்தாலும் மூச்சை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறவர்தான் பிழைப்பார். உச்சியைத் தொட்டதும் ஆசுவாசப்படாமல் அடுத்த இருபது முப்பது மீட்டரை அழுத்தி ஓடினால் அங்கேயே இடைவெளி கிடைத்துவிடும். பின்னால் வருகிறவர் அப்போது இன்னும் சரிவில்தான் இருப்பார்.

ஏற்றம் போதாதென்று அதே சுற்றுக்குள் சேற்றுக்குழி, தண்ணீர், மணல் எல்லாம் வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் வைக்கிங் விழா நடக்கும் இடம் என்பதால் வைக்கிங் வேடமிட்டவர்கள் நிற்கும் பகுதியும் உண்டு. பார்வைக்கு அழகு, ஓட்டத்தைக் கெடுக்கவும் இல்லை. சேறும் மணலும் அப்படி வெறும் அலங்காரம் அல்ல. ஒவ்வொன்றும் ஓட்டத்தின் தாளத்தை வெட்டுகிறது. மணலில் உதைக்கும் விசையில் ஒரு பங்கு வீணாகிறது. தண்ணீரைத் தாண்டியதும் ஷூ கனக்கிறது. திரும்பவும் பழைய வேகத்தைப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் கூடுதல் உழைப்பு. சீரான வேகத்தில் மன்னர்களாக இருப்பவர்கள் இதில்தான் திணறுவார்கள்.

முடிவைப் பாருங்கள். ஒபிரி 36:14, எத்தியோப்பியாவின் டெரா டிடா 36:16, லெட்டசென்பெட் கிடே 36:24. கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்துக்கும் மேல் எடுத்த பாதையில், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இரண்டே நொடி. பாதை கடினமாக இருந்தால் ஆட்டம் சப்பென்று சிதறிப்போகும் என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில். 2012-இல் உள்ளரங்க 3,000 மீட்டர், 2017-இல் 5,000 மீட்டர், 2019-இல் கிராஸ் கன்ட்ரி என்று மூன்று வகை உலகப் பட்டங்களையும் வென்ற முதல் பெண்ணாக ஒபிரி ஆனது அந்தக் கூரை மேல்தான். அதே நாளில் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் ஓட்டத்தில் செபெட், அலெமிட்டு டாரிகு, சிகி கெப்ரெசெலாமா மூவருக்கும் 20:50 என்று ஒரே நேரம் பதிவானது. அந்தக் கடைசி நூறு மீட்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தங்கம் செபெட்டுக்குப் போனது.

பொதுமக்களுக்கும் அன்று அதே பாதையில் ஓட இடம் கொடுத்தார்கள் என்பதற்குத் தனிப் பாராட்டு. உலக சாம்பியன் மிதித்த சேற்றை மிதித்துப் பார்த்தவருக்கு அந்த 36:14-இன் பொருள் காலிலேயே புரிந்திருக்கும்.

குறை ஒன்று உண்டு, அது பாதையின் குறை அல்ல. கேமரா சரிவைத் தட்டையாக்கிவிடுகிறது. நேர் எதிரிலிருந்தோ வானிலிருந்தோ எடுத்த காட்சியில் கூரை ஏதோ லேசான மேடு போலத் தெரியும். பக்கவாட்டிலிருந்து எடுத்த காட்சி வரும்போது ஓடுகிறவரின் உடல் எவ்வளவு முன்னே சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள், ஏற்றத்தின் அளவு விளங்கும்.

பாதர்ஸ்ட், 2023 பிப்ரவரி 18

கார் பந்தயத்துக்குப் பேர்போன மவுன்ட் பனோரமாவில் நடந்தது. இங்கும் மேடு உண்டு, மணல் உண்டு, சேறு உண்டு, திராட்சைத் தோட்டத்தின் வரிசைகளுக்கு நடுவே ஓடும் பகுதியும் உண்டு. டயர்களை அடுக்கி வளைந்து வளைந்து போகும்படி செய்த பகுதி, அந்த இடத்தின் வரலாற்றோடு பொருந்திய நல்ல யோசனை. நேராக வரும் வேகத்தை அது உடைக்கிறது. கூட்டமாக வந்தால் உள்வட்டத்தில் இருப்பவருக்கே லாபம்.

ஆனால் அன்று பாதையைவிடப் பெரிய எதிரி தென்கோளக் கோடை வெயில். சூட்டில் ரத்தத்தின் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போய்விடுகிறது. தசைக்குக் கிடைப்பது குறைகிறது. கடைசிச் சுற்றில் வேகத்தைக் கூட்டும்போது உடல் திடீரென்று கைவிடுவது இதனால்தான்.

கிடேக்கு நேர்ந்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். 10,000 மீட்டரில் அன்றைய உலக சாதனை, 29:01.03, அவருடையது. கடைசி நேர்ப்பாதையில் முன்னணியில் இருந்தவர். செபெட் பின்னாலிருந்து பாய்ந்து வர, முடிவுக் கோடு கண்ணெதிரே இருக்கையில் கிடே நிலைகுலைந்து விழுந்தார். எழ உதவி கிடைத்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். விழுவது குற்றமில்லை, தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டாலும் செல்லும். இன்னொருவர் கைகொடுத்துத் தூக்கி முன்னேற உதவினால் விதிப்படி ஆட்டம் முடிந்தது. தகுதி நீக்கமானவரின் இடம் அணிக் கணக்கிலும் சேராது. பள்ளிப் போட்டிகளில் விழுந்த பிள்ளையைப் பதறி ஓடிப்போய்த் தூக்கும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மயங்கிக் கிடந்தால் தயங்காமல் மருத்துவ உதவி செய்ய வேண்டும். அந்த ஓட்டம் அத்தோடு முடிந்தது என்று ஏற்றுக்கொண்டே செய்ய வேண்டும். செபெட் வென்றார், கெப்ரெசெலாமா இரண்டாவது.

பாதைக்கு நல்ல மதிப்பெண். உச்சிக்கோடையில் அதை வைத்ததற்குக் கழிக்க வேண்டியிருக்கிறது.

பெல்கிரேட், 2024 மார்ச் 30

குரோஷியாவில் நடக்க வேண்டியது, கடைசி மாதங்களில் செர்பியாவுக்கு மாறியது. சாவா ஆறும் டான்யூப் ஆறும் கூடும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள நட்புறவுப் பூங்கா. சமதரை, காய்ந்த புல், ஆங்காங்கே வைத்த தடைகள். குறுகிய அவகாசத்தில் பழுதில்லாமல் நடத்தினார்கள் என்பதை மறுக்கக் கூடாது. ஆனாலும் கிராஸ் கன்ட்ரியாக இது மூன்றில் கடைசி. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 7 நொடி என்பது புல்மேல் ஓடிய ட்ராக் பந்தயத்தின் வேகம். ட்ராக்கில் யார் வேகமோ அவர்களே இங்கும் வேகம் என்றால் பாதை புதிதாக எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். செபெட் 31:05, லிலியன் ரெங்கெருக் 31:08, மார்கரெட் செலிமோ கிப்கெம்பாய் 31:09, நாலாவது இடமும் கென்யாவுக்கே.

ஷூவும் முள்ளும்

இந்த மூன்று பாதைகளுக்கும் ஒரே ஸ்பைக்ஸ் (அடியில் முள் மாட்டும் ஓட்ட ஷூ) போதும், முள்ளை மாற்றினால் சரி. விதிப்படி ஒரு ஷூவில் அதிகபட்சம் 11 முள். செயற்கைத் தளத்தில் முள் 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. புல், மண் போன்ற தரையில் 25 வரை போகலாம். நடைமுறையில் காய்ந்த சமதரைக்கு 6 அல்லது 9, ஈரப் புல்லுக்கும் ஏற்றத்துக்கும் 12, சேறு ஆழமாக இருந்தால் 15. பெல்கிரேட் போன்ற பாதைக்கு 15 போட்டால் முள் முழுதும் இறங்காமல் நிற்கும், முன்பாதத்தில் குத்தல் எடுக்கும், தடுக்கியும் விழலாம். ஆர்ஹுஸ் போன்ற சரிவுக்கு 6 போட்டால் உதைக்கும் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பின்னால் வழுக்கும். பார்க்கச் சின்ன வழுக்கல்தான், ஐந்து ஏற்றத்தில் சேர்ந்தால் பெரிது.

ஸ்பைக்ஸில் முள் முன்பாதத்தில் மட்டும் இருக்கும். ஆகவே ஈரமான இறக்கத்தில் குதிகாலை ஊன்றிப் பிரேக் போட நினைத்தால் சறுக்கும். முன்பாதத்தில் இறங்கி, அடியைச் சிறிதாக்கி, வேகமாக மாற்ற வேண்டும். களிமண் முட்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் ஷூவின் கனம் கூடும், முள்ளும் வேலை செய்யாது. அப்பாதைக்கு முள்ளின் எண்ணிக்கை குறைவாகவும் நீளம் கூடுதலாகவும் இருப்பதே மேல்.

சேற்றில் ஷூ கழன்று நின்றுவிடுவதும் நடக்கும். அரை அளவு பெரிதாக வாங்குவதுதான் முதல் காரணம். மெல்லிய காலுறையோடு, நுனி விரல் முட்டாத அளவுக்கு இறுக்கமாக வாங்குங்கள். நாடாவை இரட்டை முடிச்சிட்டு, மீதியை உள்ளே செருகி, மேலே ஒரு சுற்று டேப். ஓட்டம் முடிந்த அன்றே முட்களைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மரை துருப்பிடித்து அடுத்த தடவை முள்ளைக் கழற்றும் சாவி திரும்பாது. மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பதிவைப் பார்க்கும் முறை

2017-இல் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த போட்டிக்கு முன்பு வரை சீனியர் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த தூரமே. அந்த ஆண்டுதான் இருபாலருக்கும் 10 கிலோமீட்டர் ஆனது. அதே கம்பாலாவில் முதல் ஆறு இடமும் கென்யப் பெண்களுக்கு. அணிக் கணக்கு எளிது. ஆறு பேர் ஓடுவார்கள், முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைவான கூட்டுத்தொகைக்குத் தங்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வந்தால் 10. அதற்குக் கீழே போக வழியில்லை. கம்பாலாவிலும் பெல்கிரேடிலும் கென்யா வாங்கியது அந்தப் பத்துதான். சமநிலை வந்தால் நாலாவது ஓட்டக்காரர் யார் முன்னால் வந்தாரோ அந்த அணிக்கு.

ஆகவே முன்னணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பந்தயம் தவறிவிடும். தொடக்கத்தில் அணிகள் தனித்தனிக் கட்டங்களில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதைப் பாருங்கள். பின்வரிசையில் நிற்பவர் முதல் 400 மீட்டரில் பாதை குறுகும் முன் எங்கே போய்ச் சேருகிறார் என்பது முக்கியம். ஆர்ஹுஸ் பதிவில் மூன்றாவது ஏற்றத்தில் நிறுத்தி, உங்களுக்குப் பிடித்த நாட்டின் சீருடையில் நாலாவதாக வருபவரைத் தேடுங்கள். ஐந்தாவது ஏற்றத்தில் அவரை மறுபடி தேடுங்கள். அவரைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் அணிக் கூட்டுத்தொகையில் ஒன்றைக் கூட்டியிருப்பார்.