மாற்றங்கள் சோதனைப் பெட்டி: பொருளுக்கு 4 ஸ்டார், அட்டைக்கு 1

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இயற்பியல் மாற்றம் (பொருள் அதேதான், வடிவமோ நிலையோ மட்டும் மாறுவது), வேதியியல் மாற்றம் (புதுப் பொருள் உண்டாவது) பாடத்துக்கென்றே ஆன்லைனில் விற்கும் இந்தப் பெட்டியை 749 ரூபாய்க்கு வாங்கினேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நீல நிறச் செம்பு உப்பு), கற்பூரம், சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், மஞ்சள் தடவிய தாள், இரும்பு ஆணிகள், சோதனைக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, அப்புறம் ஒரு கட்டு வண்ண அட்டைகள்.

பொருட்கள் நன்றாகவே இருக்கின்றன. குழாய்கள் தடித்த கண்ணாடி, சூட்டில் விரிசல் விடவில்லை. ஆணிகளில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. உப்புத்தாளால் தேய்த்து மயில்துத்தக் கரைசலில் போட்ட பிறகுதான் செம்பு சிவப்பாகப் படிந்தது. நீலமும் மெல்ல வெளிறிப் பச்சை தட்டியது. பிள்ளைகள் மாறி மாறி எடுத்துப் பார்த்தார்கள்.

வம்பு அட்டைகளில்தான். முதல் அட்டை: “குமிழி வந்தால் வேதியியல் மாற்றம்.” உடனே ஒருத்தி, “மிஸ், கோலி சோடா திறந்தாலும் குமிழி வருதே?” என்றாள். சரியான கேள்வி. அங்கே அழுத்தத்தில் கரைந்து கிடந்த வாயு வெளியேறுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழியோ வெறும் நீராவி. இன்னொரு அட்டை, வேதியியல் மாற்றத்தில் வெப்பம் வெளிப்படும் என்கிறது. அதே பெட்டியில் உள்ள சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் தண்ணீரில் கலந்து குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது! அச்சடித்தவர்கள் தங்கள் பெட்டியையே திறந்து பார்க்கவில்லை போல.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது “பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல், திரும்பாவிட்டால் வேதியியல்” என்ற அட்டையைப் பார்த்துத்தான். பரீட்சையில் பிள்ளைகள் இதைத்தான் மனப்பாடமாக எழுதுகிறார்கள். கண்ணாடி டம்ளரை உடைத்தால் திரும்பாது. ஆனாலும் சில்லு ஒவ்வொன்றும் கண்ணாடிதான், ஆகவே இயற்பியல் மாற்றம். மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். திரும்பிவிட்டதே என்று அதை இயற்பியலில் சேர்க்க முடியாது, மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள் வேதியியலாகவே மாறித்தான் நிறம் மாறுகிறது. மயில்துத்தமும் இப்படித்தான். நீலப் படிகத்தைக் குழாயில் சூடாக்கினால் உள்ளே பிணைந்திருந்த நீர் போய் வெள்ளைத் தூளாகிறது. ஆறிய பின் சொட்டுத் தண்ணீர் விட்டால் மீண்டும் நீலம். இத்தனைக்கும் இந்தச் சோதனையைப் பெட்டிக்காரர்களே சேர்த்திருக்கிறார்கள்!

நான் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, “புதுப் பொருள் ஏதாவது உண்டானதா?” என்ற ஒரே கேள்வியை வைத்து நடத்தினேன். அதற்குக் கற்பூரம் ரொம்பவே உதவியது. சிறு துண்டைக் கிண்ணத்தில் போட்டு, மேலே குளிர்ந்த தட்டை மூடி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் ஆவியாகித் தட்டின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சுரண்டி முகர்ந்தால் அதே கற்பூரம். அதையே கொளுத்தினால் எரிந்து கரியும் வாயுவுமாகப் போகிறது, கற்பூரமாகத் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரே பொருளில் இரண்டு மாற்றத்தையும் பார்த்த பிறகு வகுப்பில் குழப்பம் குறைந்தது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன். மயில்துத்தம் விஷம், அதைச் சாதாரண ஜிப் கவரில், எச்சரிக்கை கூட இல்லாமல் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வந்தவுடன் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி, பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள். ஸ்பிரிட் விளக்கைப் பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்கவே கூடாது.

குழாய்களுக்காகவும் விளக்குக்காகவும் வாங்கலாம். பொருள் தீர்ந்தால் இன்னொரு பெட்டி தேவையில்லை: மயில்துத்தம் உரக்கடையில் கிடைக்கும், மற்றவை பெரும்பாலும் மளிகைக் கடையிலேயே இருக்கின்றன.