செருகாத ஒரு வயருக்கு 4,850 ரூபாய்: சிபியுவைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

சிபியுவின் பக்கத் தகடு இன்னும் தரையில் கிடக்கிறது. திருப்புளியைக் கீழே வைத்த கையோடு இதை எழுதுகிறேன். 4,850 ரூபாய் போய்விட்டது. உங்களுக்கு இப்படி நடக்காமலிருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். நாளெல்லாம் காதில் ஹெட்போன் இருக்கும். அதைச் சிபியுவின் முன்பக்க ஜாக்கில் செருகுவேன். பின்பக்கத்தில் ஸ்பீக்கர் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. சென்ற மாதம் கணினி தவழ்கிறதே என்று எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைப் போடக் கொடுத்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்கு அடியில், செத்த பிரிண்டர்களை வாசல்வரை அடுக்கி வைத்திருக்கும் கடை. பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்டி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அன்றிலிருந்து முன்பக்க ஜாக் ஊமை. பின்னால் ஸ்பீக்கர் கணீரென்று பாடியது.

திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் எனக்கு டீ சொன்னார். தகட்டைக் கழற்றி, மேசை விளக்கை இழுத்து, இடுக்கியின் நுனியால் ஒரு சின்னக் கறுப்புச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். "அண்ணே, ஆடியோ ஐசி. போய்விட்டது." ஒலியைக் கையாளும் சிப்பைத்தான் சொன்னார். பின்னால் பாடுகிறதே என்று கேட்டேன். "முன்பக்கத்துக்குப் போகும் கால் மட்டும் எரிந்திருக்கிறது அண்ணே" என்றார். அந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்கும் அது எரிந்த மாதிரியே தெரிந்தது! பிறகு சொன்னார்: "வேறு கடையென்றால் போர்டையே மாற்றச் சொல்லி 8,000 கேட்பார்கள். உங்களிடம் போய் அப்படிக் கேட்பேனா?" இந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். 4,850 ரூபாயையும் முன்பணமாக எண்ணிக் கொடுத்தேன். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்புறத்தில் 'சர்வீஸ் 4,850' என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் ரசீது.

ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் கடையில் ஓட்டிக் காட்டியபோது ஸ்பீக்கரைப் பின்னால் செருகித்தான் பாட விட்டார்கள். அது எப்போது பாடாமல் இருந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் முன்பக்கம் அதே மௌனம். முதல் முறை பேசியபோது "விண்டோஸ் அப்டேட்டால் அப்படி ஆகும், இரண்டு நாள் பாருங்கள்" என்றார். இரண்டு நாள் கழித்து, "உங்கள் ஹெட்போனைப் பாருங்கள்" என்றார். அதே ஹெட்போன் என் கைப்பேசியில் நன்றாகக் கேட்கிறது. அதன்பின் போனை எடுத்ததெல்லாம் கடைப் பையன்தான். அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார் என்பான், மாலை நாலரை மணிக்கு. நேரில் போய் நின்றேன். "ஐசி வேலைக்கு வாரண்டி கிடையாது அண்ணே. பின்னால் செருகிக்கொள்ளுங்களேன், அதே சத்தம்தானே" என்றார். மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் செருகிக்கொள் என்ற யோசனைக்கு 4,850 ரூபாய்.

இன்று காலை நானே திறந்தேன். சிபியுவுக்குள் இருக்கும் பெரிய சர்க்யூட் பலகையான மதர்போர்டின் கீழ் ஓரத்தில், இடது மூலையில், ஒன்பது பின்கள் வெறுமனே நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் 'எஃப் ஆடியோ', அதாவது முன்பக்க ஆடியோ, என்று அச்சிட்டிருக்கிறது. அதில் செருகியிருக்க வேண்டிய வயர், தலையில் 'ஹெச்டி ஆடியோ' என்ற எழுத்தோடு, எஸ்எஸ்டியின் வயரோடு சேர்த்து ஒரு புத்தம்புது வெள்ளை பிளாஸ்டிக் டையால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. எஸ்எஸ்டி போட்ட அன்றே பிடுங்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஐசியையும் பார்த்தேன். மேலே கெட்டியான தூசி. விரலால் துடைத்த பிறகுதான் 'ஏஎல்சி887' என்ற அதன் மாடல் எழுத்தே தெரிந்தது. சூடுகாட்டிக் கழற்றி மாற்றிய ஐசியின் மேல் பல வருடத் தூசி எப்படி உட்கார்ந்திருக்கும்?

வயரைச் செருகினேன். கணினியை ஓட்டி ஹெட்போனைச் செருகியதும், எந்தக் கருவி என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வந்தது. ஜாக்கில் ஏதோ நுழைந்திருக்கிறது என்று சொல்வதற்கே அந்த வயரில் தனி இழைகள் இருக்கின்றன. வயரே அந்தரத்தில் தொங்கினால் விண்டோஸுக்கு என்ன தெரியும், பாவம். அரை நிமிட வேலை.

உடனே கடைக்குப் பேசினேன். "நீங்களே திறந்துவிட்டீர்களா? அப்படியானால் இனி எங்கள் பொறுப்பில்லை" என்று வைத்துவிட்டார்.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன்; அந்தப் பொறுமை இப்போது இல்லை. பின்னால் கேட்டு முன்னால் கேட்காவிட்டால் ஐசி என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள், முதலில் அந்த வயரைப் பாருங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். ஆடியோ வயரின் தலையில் ஒரு துளை அடைத்திருக்கும், பின்களிலும் அதே இடம் காலியாக இருக்கும். பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள், யுஎஸ்பி வயருக்கான இடத்திலும் ஒன்பது பின்தான், மாற்றிச் செருகிவிடக் கூடாது. பழைய கேபினெட்டில் ஒரே வயருக்கு இரண்டு தலை இருந்தால் 'ஏசி 97' என்ற பழைய வகைத் தலையை விட்டுவிட்டு 'ஹெச்டி ஆடியோ' தலையைச் செருகுங்கள். மாற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நாளை நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போகிறேன். ரசீது கேட்டால் காட்ட என்னிடம் இருப்பது அந்த நாள்காட்டித் தாள்தான். திருப்பிப் பார்த்தேன். அன்றைய ராசிபலனில் என் ராசிக்கு 'லாபம்' என்று போட்டிருக்கிறது.