ஆர்ம்ஸ்ட்ராங் கையெழுத்து வாங்குவோர் கவனத்துக்கு

முழு விண்வெளி உடை, முன்னால் தலைக்கவசம், பின்னால் பெரிய நிலா. 1969-இல் நாசா எடுத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் அந்தப் படத்தை அவர் கையெழுத்தோடு வாங்கப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேமித்தேன். போன ஆண்டு ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் 1,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஏமாற்றப்பட்டேன்.

“யார் பெயரும் எழுதாத வெறும் கையெழுத்து, அதனால் அரிது” என்று சொல்லித்தான் விற்றார். அது உண்மைதான், ஆர்ம்ஸ்ட்ராங் பெரும்பாலும் கேட்டவர் பெயரை எழுதியே கையெழுத்திட்டார், 1994-இல் அதையும் நிறுத்திக்கொண்டார். ஆனால் வெறும் கையெழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. குவிந்த ரசிகர் கடிதங்களுக்குப் பதில் அனுப்ப, நாசாவில் கையெழுத்திடும் இயந்திரம், அதாவது ஆட்டோபென், வைத்திருந்தார்கள். ஓர் அச்சை வைத்து நிஜப் பேனாவால் அது எழுதும். மையும் நிஜம், தாளும் நிஜம், காலமும் நிஜம். அவர் கை மட்டும் அதில் பட்டிருக்காது.

படம் வந்த இரவே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை கோடு ஒரே தடிமன். எங்கும் அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேனா இறங்கிய இடத்திலும் எழுந்த இடத்திலும் குண்டூசித் தலை அளவுக்கு மைப்புள்ளி. மனம் கேட்கவில்லை. ஆட்டோபென் என்று சேகரிப்பாளர்கள் அடையாளம் கண்ட ஒரு கையெழுத்தை அதே அளவில் கண்ணாடித்தாளில் அச்சிட்டு மேலே வைத்தேன். எழுத்துக்கு எழுத்து, வளைவுக்கு வளைவு பொருந்தியது. எந்த மனிதரும் தன் கையெழுத்தை இரண்டு முறை அச்சுப் பிசகாமல் போடுவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சான்றிதழ் கொடுத்திருக்கிறோமே” என்றார். அந்தச் சான்றிதழில் கையொப்பமிட்டிருப்பவரும் அவரேதான்! அதற்குப் பிறகு என் கடிதங்களுக்குப் பதிலே இல்லை.

வாங்கும் முன் கையெழுத்தின் பெரிய, தெளிவான படத்தைக் கேளுங்கள். அறியப்பட்ட ஆட்டோபென் வடிவங்கள் பல உண்டு, எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள். ஒன்றோடு பொருந்தவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒருவரின் கருத்தைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அதே விற்பனையாளர் சென்ற வாரம் இன்னொரு ஆர்ம்ஸ்ட்ராங் படத்தை விற்பனைக்கு வைத்திருக்கிறார். அதன் கையெழுத்தையும் அச்சிட்டு என் கண்ணாடித்தாளை மேலே வைத்துப் பார்த்தேன். அதே வடிவம்.