பல்லைப் பிடுங்கிய கையோடு விமானம் ஏறிவிடாதீர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னால் கடலூர் வந்திருந்தபோது, லீவு முடிய நான்கே நாள் இருக்கையில் கீழே இடது பக்கக் கடவாய்ப் பல் உயிரை எடுத்தது. ஒரு கிளினிக்கில் பிடுங்கினார்கள், வலி போனது, பாரிஸுக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் குழியை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதன் பலன் இந்த ஆகஸ்டில்தான் தெரிந்தது.

பிரான்சில் கேப், பிரிட்ஜ், பல் செட்டுக்கெல்லாம் அரசுக் காப்பீடு கைகொடுக்கும், ஆனால் தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட்டுக்கு நம் பையிலிருந்துதான் போகும். சரி, ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் வாயைப் பார்த்த உடனே எதுவும் சொல்லவில்லை, முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். படத்தைத் திரையில் போட்டு, பல் இருந்த இடத்தில் தாடை எலும்பு கத்தி முனை மாதிரி மெலிந்திருப்பதைக் காட்டினார். திருகின் தடிமன் 4 மில்லிமீட்டர், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது எலும்பு நிற்க வேண்டும், எனக்கோ மொத்த அகலமே 5 கூட இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. பல்லின் வேரை எலும்போடு மெல்லிய நார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்த நார் வழியாக எலும்புக்கு அழுத்தம் போகிறது, அந்த வேலை இருக்கும்வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல் போய்விட்டால் வேலை இல்லை, உடம்பு அந்த எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. முதல் வருடத்திலேயே அகலத்தில் பாதி வரை போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் போகிறது. நான் மூன்று வருடம் விட்டிருக்கிறேன்.

பிரிட்ஜ் போட்டால் அதைத் தாங்குவதற்காகப் பக்கத்துப் பற்களைச் சீவ வேண்டும், மேலே பல் இருப்பது போலத் தெரியும், ஆனால் அடியில் எலும்புக்கு வேலை இல்லாததால் அது கரைவது நிற்காது. இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள்ளேயே போகும் டைட்டானியம் திருகு. 1952-இல் ஸ்வீடன் மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் முயல் காலெலும்பில் ஆராய்ச்சி செய்தபோது, டைட்டானியம் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதைக் கண்டார், 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அப்படி ஒட்டிய திருகு மெல்லும் அழுத்தத்தை எலும்புக்குள் கொண்டுபோவதால் சுற்றியுள்ள எலும்பு தங்குகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: போன எலும்பை இம்ப்ளான்ட் திருப்பிக் கொண்டுவராது, இருப்பதைத்தான் காப்பாற்றும். அதனால்தான் எனக்குத் திருகு வைத்த அன்றே எலும்புத் தூள் நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு வைத்துத் தைத்தார்கள். எலும்பின் உயரம் போதுமான அளவு இருந்ததால் இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடிந்தது. ஊசி போட்ட பிறகு வலியே இல்லை, மறுநாள் கன்னம் வீங்கியது, நான்காம் நாள் வடிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். கேப் பொங்கலுக்கு வரும்போதுதான், எலும்பு பிடிக்க அவ்வளவு நாள் வேண்டும்.

பதினைந்து நாள் லீவில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஸ்கேனைக் காட்டி ஏன் அது முடியும் என்று விளக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பல் பிடுங்கும் நாளிலேயே இம்ப்ளான்ட் பற்றிப் பேசிவிடுவது நல்லது, சிலருக்குப் பிடுங்கிய குழியிலேயே எலும்புத் தூள் நிரப்பிக் கரைவதைக் குறைக்க முடியும். திருகின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள், நாளை அங்கே ஏதாவது லூசானால் அந்த ஊர் டாக்டருக்கு அதுதான் முதலில் தேவைப்படும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் எலும்பு ஒட்டுவது சிரமம். ஒட்டிய பிறகும் ஈறோரம் அழுக்கு சேர்ந்தால் எலும்பு மறுபடி கரையும்.

தையல் பிரிக்கப் போன அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருடமாக முழுப் பல் செட்டு. கீழ்ச் செட்டு பேசும்போதே தூக்கிக்கொள்ளும், பண்ருட்டி முந்திரியை ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறாள், மூக்குக்கும் தாடைக்கும் நடுவே முகம் சுருங்கிக்கொண்டே வந்ததை வயசு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். செட்டு ஈறின் மேல் அழுத்துமே தவிர எலும்புக்குள் எதையும் கொண்டுபோகாது, கீழ்த்தாடை மேல்தாடையைவிட வேகமாகக் கரையும் என்றார் டாக்டரம்மா. முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, செட்டைப் பட்டன் மாதிரி மாட்டிவிடலாமாம், அங்கே இன்னும் எலும்பு இருக்கிறது.

"இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா?" என்றாள் அம்மா, பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போது. நான் பதில் சொல்லவில்லை. கிருமாம்பாக்கம் வந்ததும் அவளே, "பொங்கலுக்குள்ள சுகரைக் குறைச்சிட்டா போடுவாங்களா?" என்று கேட்டாள்.