வான் ஹூல் பஸ்: ஓட்டியவனின் கருத்து

லண்டனில் பல வருடங்கள் சுற்றுலாப் பஸ் ஓட்டிவிட்டு இப்போது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறேன். கொழும்புக்குச் சொகுசு பஸ் விட நினைக்கும் இளைஞர்கள் சிலர், நான் ஓட்டியவற்றில் எது திறம் என்று கேட்கிறார்கள். யோசிக்காமலே சொல்வேன்: வான் ஹூல்.

சில்லும் இயந்திரமும் பூட்டிய அடிச்சட்டமான செசி ஓரிடத்தில், அதன் மேல் கட்டும் கூடான பொடி வேறோரிடத்தில் என்பது எங்களுக்குப் பழகிய கதை. பெல்ஜியத்தின் லியர் நகருக்கு அருகே கோனிங்ஸ்ஹோய்க்ட் என்ற ஊரில் 1947இல் பெர்னார்ட் வான் ஹூல் தொடங்கியதும் பொடி கட்டும் தொழிலைத்தான். 1957இல் ஃபியட்டுடன் ஒப்பந்தம் செய்து, அதன் இயந்திரங்களைப் பொருத்தி முழு பஸ்ஸையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். அதற்காகப் பிறருடைய செசியில் பொடி கட்டுவதைக் கைவிடவில்லை.

நான் அதிகம் ஓட்டியது அந்த வகைதான்: வொல்வோ பி10எம் செசியில் வான் ஹூலின் அலிசே பொடி. இயந்திரம் நடுவே, தளத்துக்குக் கீழே படுத்திருக்கும். இங்கே லேலண்டில் இயந்திரம் சாரதிக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். வவுனியா தாண்டுவதற்குள் இடது கால் வெந்துவிடும். அலிசேயில் அந்தத் தொல்லை இல்லை. சத்தம் மட்டும் நடு ஆசனங்களுக்குக் கீழிருந்து வரும் என்பதால், நித்திரை வராத வயதானவர்களை முன்னுக்கு இருத்துவேன். தளம் உயரமான பஸ்களில் படியேற அவர்கள் சிரமப்படுவார்கள். அது இந்த வகை எல்லாவற்றுக்கும் பொது.

பொடியின் தரம் புதிதில் தெரியாது. பல இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பிறகும் ஜன்னல்கள் கடகடக்கவில்லை, கூரை ஒழுகவில்லை. எங்கள் முதலாளி குளிரூட்டியைப் பராமரிக்கக் காசு செலவழிக்க மாட்டார். ஆகஸ்ட் வெயிலில் பயணிகளிடம் நான் வாங்கிய ஏச்சு அந்தக் கஞ்சத்தனத்துக்கானது. பஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன்.

2024 ஏப்ரலில் வான் ஹூல் வங்குரோத்தானது. ட்ரெயிலர் பிரிவு ஜெர்மனியின் ஷ்மிட்ஸ் கார்கோபுல்லுக்கும், பஸ் பிரிவு நெதர்லாந்தின் வீடிஎல்லுக்கும் போயின. வீடிஎல்லும் குடும்ப நிறுவனம்தான். வான் டெர் லேக்டே குடும்பம் 1953இல் தொடங்கியது. வேறு எவரிடமும் போகாமல் அங்கே போனதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பழையதொன்றை இங்கே இறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். உதிரிப்பாகம் ஒன்றுக்காகக் கடல் பார்த்துக் காத்திருந்தால் தவணைக்காசு யார் கட்டுவது? லேலண்ட் செசியே போதும். ஆனால் பொடி கட்டும் இடத்துக்கு அடிக்கடி போங்கள். தகடு மூடுவதற்கு முன் உள்ளே வைக்கும் இரும்புக் குழாயின் தடிப்பையும் ஒட்டு வேலையையும் பாருங்கள். பெயின்ற், விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாம் பிறகு பார்க்கலாம்.