பதினெட்டு வருடம் காத்திருக்க எது சரி: போர்டோவா, பர்கண்டியா?

மகள் 2016இல் பிறந்தாள். பிள்ளை பிறந்த வருட ஒயினை வாங்கி வைத்து, பதினெட்டாவது பிறந்தநாளில் திறப்பது பிரான்சில் பல குடும்பங்களில் உள்ள பழக்கம். பாரிஸ் புறநகரில் எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கொரு சின்ன நிலவறை உண்டு. அதில் கிடந்த பழைய சைக்கிளையும் உடைந்த சூட்கேஸையும் ஒழித்துக்கட்டி, நானும் பன்னிரண்டு பாட்டில் அடுக்கினேன். அதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க நானும் மச்சானும் சனிக்கிழமைதோறும் பிரான்சின் இரண்டு பெயர்பெற்ற ஒயின் வட்டாரங்களான போர்டோ, பர்கண்டி இரண்டின் சிவப்பு ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்து போர்டோ, இரண்டு பர்கண்டி.

பாட்டிலுக்குச் செய்தித்தாள் சுற்றிவிட்டுத்தான் ருசித்தோம். பார்த்தால் கண் நாக்கை ஏமாற்றிவிடும். வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாங்கள் எம்மாத்திரம்!

கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுவது, சுழற்றி முகர்வது எல்லாம் தெரிந்த கதைதான். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. டேனினை, அதாவது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினுக்கு வரும் துவர்ப்புப் பொருளை, விளக்க மற்றவர்கள் "வாய் வறண்டு சுருங்குகிறது" என்று சுற்றி வளைக்கிறார்கள். நம்மிடம் அதற்கு அறுசுவையில் தனி இடமே உண்டு: துவர்ப்பு. வாழைப்பூவும் பாக்கும் தின்று வளர்ந்த நாக்குக்கு இளம் போர்டோ புதிதல்ல. போர்டோவில், குறிப்பாக ஆற்றின் இடது கரையில் உள்ள மெதோக் வட்டாரத்தில், கபர்னே சோவின்யோன் திராட்சைதான் ராஜா. சின்னப் பழம், தடித்த தோல், எனவே துவர்ப்பு அதிகம். மெர்லோ என்ற இன்னொரு திராட்சையைக் கலந்து அதைக் கொஞ்சம் தணிப்பார்கள். பர்கண்டியின் சிவப்பு ஏறக்குறைய எல்லாமே பினோ நுவார் திராட்சை மட்டும். மெல்லிய தோல், வெளிர் நிறம். அதைத் தாங்கி நிறுத்துவது புளிப்பு. வாசனையில் பர்கண்டிதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்தித்தாள் சுற்றிய பாட்டில்களில் மச்சான் ஆறு தடவையில் ஐந்து தடவை பர்கண்டியைத்தான் முதலிடத்தில் வைத்தார். அன்றைக்கே குடிப்பதென்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் நான் வாங்கியது அன்றைக்குக் குடிக்க அல்ல.

வைத்திருக்கும்போது துவர்ப்புதான் ஒயினுக்குக் கவசம். டேனின்கள் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கும், முரட்டுத்தனம் தணியும். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் ஈரமாக இருக்க வேண்டும், வெளிச்சம் படக்கூடாது, 12 டிகிரி போல ஒரே சீரான குளிர் வேண்டும். என் நிலவறையில் குளிர்காலத்தில் 11, கோடையில் 19. பாரிஸில் 2019 ஜூலையில் 42.6 டிகிரி அடித்த அந்த வாரம் தினமும் இறங்கிப் போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தேன். 20ஐத் தாண்டவில்லை. இப்படி ஏறி இறங்கும் அறையில் கிராமத் தரப் பர்கண்டியை (லேபிளில் ஊர்ப் பெயர் மட்டும் போட்ட நடுத்தர வகை) நம்பி வைக்க எனக்குத் துணிவில்லை. வேறொரு வருடத்து ஜெவ்ரே-ஷாம்பெர்த்தேன் என்ற பர்கண்டி ஊரின் ஒயின் இரண்டை அங்கேயே வைத்திருந்து 2022இல் திறந்தேன். ஒன்று அருமை. மற்றதன் விளிம்பு பழுப்பேறி, காளானும் ஈர இலையும் மட்டுமே மணத்தது. இரண்டே பாட்டிலை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று தெரியும். பெரிய பர்கண்டிகள் பல பத்தாண்டுகள் நிற்கும்; அந்த விலைக்குள் நான் போனதில்லை.

இன்னொன்று, இதுதான் என்னை முடிவாகச் சாய்த்தது: இடையில் திறந்து பார்க்கும் வசதி. ஒயின் எப்போது பக்குவமாகும் என்று யாரும் நாள் குறித்துத் தர முடியாது. ஒன்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். போர்டோவில் ஒரு சாத்தோ, அதாவது ஒயின் பண்ணை, தன் பெயரில் ஒரே முதன்மை ஒயினைப் பெரிய அளவில் செய்யும். எனவே ஒரே ஒயினில் பத்து கிடைத்தது, பாட்டில் 28 யூரோ. அதே ஒயினை வைத்திருக்கும் மற்றவர்களிடமும் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கலாம். பர்கண்டியிலோ பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலய நிலங்கள் பறிமுதலாகி விற்கப்பட்டன, அப்புறம் நெப்போலியன் கால வாரிசுச் சட்டத்தால் பாகம் பிரிந்துகொண்டே போனது. நம் ஊர்ப் பாகப்பிரிவினை மாதிரியேதான். குளோ த வூஜோ என்ற சுற்றுச்சுவர் வைத்த சுமார் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். லேபிளில் ஒரே பெயர், உள்ளே எண்பது கை. ஒருவர் ஒரு தோட்டத்திலிருந்து ஒரே பீப்பாய் மட்டும் எடுப்பதும் உண்டு. 228 லிட்டர், அதாவது சுமார் 300 பாட்டில். போதாததற்கு 2016 ஏப்ரல் கடைசியில் உறைபனி அங்கே மொட்டுகளைக் கருக்கிவிட்டது. அந்த வருடம் விளைச்சல் சொற்பம், விலை உச்சம். நான் வாங்கிய இரண்டும் பாட்டில் 55 யூரோ. இரண்டே இருக்கும்போது எதைத் திறந்து சோதிப்பது?

போர்டோ ஒயின்களுக்கான 1855 தரவரிசையை அதிகம் நம்ப வேண்டாம். பாரிஸ் கண்காட்சிக்காக அன்றைய சந்தை விலையை வைத்துத் தயாரித்த பட்டியல் அது. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற சாத்தோவை முதல் தரத்துக்கு உயர்த்தியதைத் தவிரப் பெரிதாக எதுவும் மாறவில்லை. என்னுடையது அந்தப் பட்டியலிலேயே இல்லாத மெதோக்.

ஷாம்பெய்னையும் யோசித்தேன். லேபிளில் வருடம் போடாத ஷாம்பெய்னைக் குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைத்துவிட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். அதைப் பதினெட்டு வருடம் வைப்பதில் அர்த்தமில்லை. வருடம் போட்டது மூன்று வருடமாவது இருந்து வருவதால், மகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் 2016ஐக் கண்ணில் பார்க்க முடியும் என்ற நிலை. ருசிக்கும்போது குமிழியை மட்டும் எண்ணாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குவளையில் ஒட்டியிருக்கும் நுண்ணிய துணி இழைகளிலிருந்து கிளம்புபவை, துடைத்த துண்டின் புண்ணியம். ஒல்லிக் குவளையை விட்டுவிட்டுச் சாதாரண வெள்ளை ஒயின் குவளையில் ஊற்றிப் பாருங்கள், ரொட்டி மணம் அப்போதுதான் மேலே வரும்.

போர்டோவில் முதல் சோதனை பாட்டிலை 2023இல் திறந்தோம். காற்றுப் படுவதற்காக டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூன்று மணி நேரம் விட்டும் இறுகித்தான் இருந்தது. அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வேறு. மிளகாய்க் காரம் துவர்ப்பை இரட்டிப்பாக்கும் என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் பாட்டிலில் மிச்சமிருந்த அரைக் குவளையைச் சும்மா குடித்தபோதுதான் கரும்பழமும் பென்சில் சீவல் மணமும் வெளியே வந்தன. மச்சான் இன்னும் பர்கண்டி கட்சிதான். மீதி ஒன்பது இருக்கிறது. அடுத்ததை 2028இல், குழம்பு இல்லாத நாளாகப் பார்த்துத் திறக்க வேண்டும்.