நானோவா மைக்ரோவா விம்மா: கரண்ட் போற ஊருக்கு எந்த டெர்மினல் எடிட்டர்?

வந்தாறுமூலை கெம்பஸ்லயோ ஒலுவில் கெம்பஸ்லயோ முதலாம் வருசம் கோடிங் தொடங்குற புள்ளைகளுக்குத்தான் இது. டெர்மினல்ல, அதாவது கட்டளை அடிக்கிற விண்டோவுக்குள்ள, கோட் எழுத எந்த எடிட்டர் நல்லம் எண்டு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும், நான் முதல்ல பார்க்கிறது ஒண்டத்தான்: பேட்டரி செத்த செகண்ட் ஹேண்ட் லெப்டொப்புல டக்கெண்டு கரண்ட் போனா எழுதின கோட் மிஞ்சுமா?

நானோ எண்ட எடிட்டர் உபுண்டு லினக்ஸ் போடக்குள்ளயே வந்திரும். கீழ ரெண்டு வரியில ஷோர்ட்கட் எல்லாம் காட்டும், கொன்ட்ரோல் ஓ அடிச்சா சேவ், கொன்ட்ரோல் எக்ஸ் அடிச்சா வெளிய, படிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. நானோஆர்சி எண்ட செட்டிங் பைல்ல லைன் நம்பரும் ஓட்டோ இன்டென்டும் (வரித் தொடக்கத்து இடைவெளி தானா வாறது) போட்டுட்டா பைதன் எழுதவும் காணும். ஆனா கரண்ட் போனா கடைசியா எப்ப சேவ் பண்ணினியோ அதுதான் மிச்சம். டெர்மினல் விண்டோவ தெரியாம மூடினாலாச்சும் டொட் சேவ் எண்டு ஒரு பைல் போட்டு வைக்கும், மெஷினே ஓஃப் ஆனா அதுவும் இல்ல.

மைக்ரோ அந்த விசயத்துல கெட்டிக்காரன். கொன்ட்ரோல் எஸ், சீ, வீ, மவுஸ் எல்லாம் நோட்பேட் மாதிரியே வேலை செய்யும், சேவ் பண்ணாததையும் சில செகண்டுக்கு ஒருக்கா தன்ட பாட்டுல பேக்கப் எடுத்து வைச்சிட்டு மறுகா திறக்கக்குள்ள மீட்கவா எண்டு கேட்கும். செட்டிங் எண்டு பெரிசா ஒண்டும் தொடத் தேவையில்ல. குறை என்னெண்டா வேற ஆக்கள்ட சேர்வருக்குள்ள (நெட்வேர்க்கால நுழையிற தூரத்து மெஷின்) போனா அங்க அது இருக்காது.

அங்க இருக்கிறது பெரும்பாலும் வீஐ, இல்லாட்டி விம். 1976ல பில் ஜோய் எழுதின வீஐயப் பார்த்து பிராம் மூலனார் 1991ல வெளியிட்டதுதான் விம். புதுசா வாற ஆள் பயந்து ஓடுறது எங்க எண்டா, உபுண்டுவில முதல் இருக்கிறது முழு விம் இல்ல, விம் டைனி எண்ட குட்டி விம். அதுல வீஐ எண்டு அடிச்சு இன்சேட் மோடுக்குள்ள (எழுத்து அடிக்கிற நிலை) போய் அம்புக்குறி கீயத் தட்டினா கேர்சர் நகராம ஏ, பீ, சீ, டீ எண்டு எழுத்து விழும், பார்க்கிறவன் கீபோட் பழுது எண்டு நினைப்பான். ஏப்டி எண்ட இன்ஸ்டோல் கட்டளையால முழு விம்ம இன்ஸ்டோல் பண்ணினா அந்தத் தொல்லையும் போகும், விம்டியூட்டர் எண்ட பழகு பாடமும் வரும். அத ஒரு அரை மணித்தியாலம் இருந்து செய்யாம விம் சரியில்ல எண்டு சொல்லப்படாது.

கரண்ட் கதைக்கு வந்தா விம்தான் என்ட ஆள். 200 எழுத்து அடிச்ச உடனயோ 4 செகண்ட் கை சும்மா இருந்தாலோ ஸ்வொப் பைல் எண்ட தற்காலிகப் பைல்ல எழுதிரும். லைட் வந்த பிறகு அதே பைலத் திறந்தா கேள்வி கேட்கும், ஆர் அமத்து, வந்ததப் பார்த்து சேவ் பண்ணு, மறுகா பழைய ஸ்வொப்ப அழிச்சிரு, இல்லாட்டி ஒவ்வொருக்காவும் கேட்டுக்கொண்டே இருக்கும். விம்ட செட்டிங் பைலான விம்ஆர்சியில நம்பர் (வரி எண்), சின்டெக்ஸ் ஓன் (கோடுக்குக் கலர்), எக்ஸ்பேண்ட்டேப் (டேப்புக்குப் பதிலா ஸ்பேஸ்), ஷிஃப்ட்வித் 4 (உள்தள்ள 4 ஸ்பேஸ்), இந்த நாலு வரி காணும். அடுத்தவன்ட 300 வரி செட்டிங்க கொப்பி அடிச்சா எது பிழைச்சது எண்டே விளங்காது.

நியோவிம் 2014ல விம்ம விட்டுப் பிரிஞ்சு வந்தது, ஸ்வொப் அதுலயும் இரிக்கு. ஆனா யூடியூப்ப பார்த்து லேசிவிம் எண்ட ரெடிமேட் செட்டிங் போடப் போனா ப்ளகின் (மேலதிக வசதி), லேங்குவேஜ் சேர்வர் (கோட்ல பிழை காட்டுறது) எண்டு முதல் நாளே டவுன்லோட் ஓடும், அத நைட் டேட்டாவுக்கு வைச்சுக்கொள்ளுங்க. ஹீலிக்ஸ் எண்ட இன்னொரு எடிட்டர்ல ப்ளகின் தேடுற வேலையே இல்ல, திறந்த உடனே கலர் எல்லாம் வடிவா வரும். ஆனா ஸ்வொப் பைல் இல்ல, கீயும் விம்முக்கு மறுபக்கம், முதல்ல சிலெக்ட் பண்ணிட்டுத்தான் அழிக்கணும், கை அதுக்குப் பழகினா சேர்வர்ல விம் தடுமாறும்.

ஈமேக்ஸ் எண்ட எடிட்டர் பெரிய கடல், இப்ப இறங்காதீங்க. ஒண்டே ஒண்டு, கோடுக்குள்ள தமிழ்ல கொமெண்ட் எழுதுற ஆளெண்டா டெர்மினல்ல கொம்பும் காலும் கழண்டு நிக்கும், 27ஆம் வேர்ஷனுக்குப் பிறகு வந்த ஈமேக்ஸ தனி விண்டோவில திறந்தா எழுத்து ஒழுங்கா தெரியும்.